ஆளுக்கு எத்தனை தொன்? – ஒரு சுரங்கப் பொறியியலாளரின் கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் நடந்த தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)



வகுப்பின் தலைப்பு கொழுந்துக் கணக்கு. நான் பேசப்போவதோ தங்கச் சுரங்கத்தைப் பற்றி. தலைப்பு மாறிப்போய்விட்டது என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். காரணம் இருக்கிறது.

சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் கம்பனிக்காரர்கள் மேசையில் ஒரு தாளை வைப்பார்கள். கென்யாவில் ஓர் ஆள் நாளைக்கு இத்தனை கிலோ எடுக்கிறார், அசாமில் இத்தனை, தென்னிந்தியாவில் இத்தனை, இலங்கையில் மட்டும் இவ்வளவுதான் என்று அதில் இருக்கும். 2021இல் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோது, பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டியதும் இந்தத் தாளைக் காட்டித்தான். அந்தத் தாளைப் பார்த்ததும் நம்முடைய ஆட்களே சிலர் வாயடைத்துப் போகிறார்கள். கணக்கு கணக்குத்தானே என்று நினைக்கிறார்கள்.

இந்தத் தாள் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இதே மாதிரி ஓர் அட்டவணையை 1909ஆம் ஆண்டிலேயே ஒருவர் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார். தங்கச் சுரங்கப் பொறியியலாளர். நான்கைந்து கண்டங்களில் வேலை செய்தவர். கடைசியில் அமெரிக்காவின் ஜனாதிபதியாகவும் ஆனவர். பெயர் ஹேர்பேர்ட் ஹூவர். அந்த அட்டவணையில் தமிழ்த் தொழிலாளியும் இருக்கிறான். அதனால்தான் இவருடைய கதையை எடுத்தேன்.

ஹூவர் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. 1874இல் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். ஆறு வயதில் தகப்பன் இறந்துபோனார், ஒன்பது வயதில் தாயும் போய்விட்டார். மாமன் வீட்டில் வளர்ந்தார். கலிபோர்னியாவில் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகம் 1891இல் திறந்தபோது முதல் தொகுதி மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்து, மண்ணியல் படித்து, 1895இல் பட்டத்தோடு வெளியே வந்தார். வேலை கிடைக்கவில்லை. நாட்டில் அப்போது பெரிய பொருளாதார மந்தம்.

பட்டத்தை மடித்து வைத்துவிட்டு நெவாடா சிட்டியில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் கல் வண்டி தள்ளப் போனார். இரவு வேலை, பத்து மணி நேரம், கிழமைக்கு ஏழு நாளும். கூலி நாளொன்றுக்கு 2 டொலர்.

அங்கே அவருக்குத் தொழில் பழக்கியவர்கள் கோர்ண்வோல்காரர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கோர்ண்வோலில் காலங்காலமாக வெள்ளீயமும் செம்பும் தோண்டினார்கள். தகரத்துக்கு மேலே பூசுகிறார்களே, அதுதான் வெள்ளீயம். அங்கே சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, அந்த ஊர்த் தொழிலாளியும் மேற்பார்வையாளனும் பொறியியலாளனும் உலகம் முழுவதும் சிதறிப் போனார்கள். கலிபோர்னியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, மலாயா, நம்முடைய கோலார். வெள்ளீயத்தில் படித்த தொழிலைத் தங்கத்தில் காட்டினார்கள். பூமிக்கு அடியில் எங்கே குழி வெட்டினாலும் அங்கே ஒரு கோர்ண்வோல்காரன் இருப்பான் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். குளிர் இரவில் இரும்புத் தள்ளுவண்டிக்குக் கீழே மெழுகுதிரி ஏற்றிவைத்து, சூடேறியதும் அதற்குள் சுருண்டு படுக்கும் வித்தையை அவர்கள்தான் தனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஹூவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த வேலையும் சில மாதம்தான். சுரங்கத்தில் ஆட்குறைப்பு வந்தது. வேறு வேலை தேடி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். ஆள் தேவையில்லை என்ற பதிலைத் தினமும் கேட்டுத் திரும்புவதைவிட மனிதனுக்குப் பெரிய துயரம் கிடையாது என்ற பொருளில் அதையும் எழுதி வைத்திருக்கிறார். இதைக் கவனமாக ஞாபகத்தில் வைத்திருங்கள். வேலையில்லாத வயிறு என்னவென்று தெரிந்த மனிதர் இவர்.

பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பேர்போன ஒரு பொறியியலாளரின் கந்தோரில் போய் நின்றார். தட்டச்சு செய்கிற வேலைதான் இருக்கிறது என்றதும், சரி அதையே தாருங்கள் என்று வாங்கிக்கொண்டாராம். 1897இல் அதிர்ஷ்டம் திரும்பியது. பியூவிக் மோரிங் என்ற லண்டன் கம்பனி, மேற்கு அவுஸ்திரேலியாவின் புதிய தங்க வயல்களுக்கு அனுபவமுள்ள ஒரு பொறியியலாளரைத் தேடியது. வயது 35 ஆவது இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். இவருக்கு 22. வயது கூடத் தெரிய வேண்டும் என்று தாடி வளர்த்துக்கொண்டு போனார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை. சம்பளம் வருஷத்துக்கு 5,000 டொலர். சுரங்கத்துக்குள் வண்டி தள்ளியபோது ஒரு நாளும் லீவில்லாமல் வேலை செய்திருந்தாலும் வருஷத்துக்கு 730 டொலர்தான் கிடைத்திருக்கும்.

அந்தக் காலத்தில் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஓடிய அஞ்சல் கப்பல்கள் கொழும்பைத் தொட்டுத்தான் போகும். நம்முடைய தேயிலையை ஏற்றிய அதே துறைமுகம்.

கூல்கார்டி என்ற இடத்தில் 1892இலும், பக்கத்தில் கல்கூர்லியில் 1893இலும் தங்கம் கிடைத்திருந்தது. செம்மண் பாலைவனம். தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. ஒட்டகத்தில் ஏறி ஒவ்வொரு சுரங்கமாகப் பார்த்து, இதை வாங்கலாம், இதைத் தொடாதே என்று லண்டனுக்கு அறிக்கை அனுப்புவதுதான் ஹூவருடைய வேலை. அப்படி அவர் வாங்கச் சொன்னவற்றுள் ஒன்று ‘சன்ஸ் ஒஃப் குவாலியா’ சுரங்கம். 1898இல் அதற்கு அவரையே முகாமையாளராகப் போட்டார்கள்.

கல்லைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தச் சுரங்கம் 1963 வரைக்கும் ஓடியது. 26 இலட்சம் அவுன்சுக்கு மேல் தங்கம் கொடுத்தது. சரி, முகாமையாளர் கதிரையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது என்ன?

கிழமைக்கு 44 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கினார். ஞாயிறு வேலைக்குக் கொடுத்த இரட்டைச் சம்பளத்தை நிறுத்தினார். அவுஸ்திரேலியத் தொழிலாளர்கள் முறுக்கிக்கொண்டபோது, குறைந்த கூலிக்கு அதிகம் பேசாமல் உழைப்பார்கள் என்று இத்தாலியிலிருந்து வந்தவர்களைக் கூடுதலாக வேலைக்குச் சேர்த்தார்.

நாலு மணி நேரம்தானே என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். கிழமைக்கு நாலு என்றால் வருஷத்தில் 50 கிழமைக்கு 200 மணி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு பேர் என்று நம்முடைய செக்ரோல் கணக்கில் போட்டால் 25 பேர். ஒவ்வொரு தொழிலாளியும் வருஷத்துக்கு 25 நாட் பேரைக் கம்பனிக்குச் சும்மா கொடுத்திருக்கிறான். இதைத்தான் லண்டனில் ‘செலவைக் குறைத்த திறமை’ என்று மெச்சினார்கள். 1901இல் அந்தக் கம்பனியிலேயே அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தாலியர் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த தொழிற்சங்கங்களில் பலவும் அந்த மனிதர்களைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கூலியைக் குறைத்த முகாமையாளரைவிட, குறைந்த கூலிக்கு வந்த ஏழையின் மேல்தான் அதிக ஆத்திரம். வெள்ளையர் அல்லாதவரை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று 1901இல் வந்த சட்டத்துக்கும் அந்தச் சங்கங்கள் ஆதரவு. அந்த வெறுப்பு அடங்காமல் கிடந்து, 1934 ஜனவரியில் கல்கூர்லியில் வெடித்தது. இத்தாலியர், ஸ்லாவியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. எரித்தவனும் சுரங்கத் தொழிலாளி, எரிந்த வீட்டுக்காரனும் சுரங்கத் தொழிலாளி. பக்கத்து டிவிசனிலிருந்து கைக்காசுக்கு வருகிற பெண்ணை நம்முடைய லயத்தில் சிலர் பேசுகிற பேச்சைக் கேட்கும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

1899இல் ஹூவர் லூ ஹென்றி என்ற பெண்ணை மணந்துகொண்டு சீனாவுக்குப் போனார். அந்த அம்மாவும் ஸ்டன்போர்டில் மண்ணியல் படித்தவர். 1556இல் லத்தீன் மொழியில் வெளிவந்த பெரிய சுரங்க நூல் ஒன்றைக் கணவனும் மனைவியுமாக வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றி 1912இல் வெளியிட்டார்கள். அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறது. மாதர் சங்கத்தினர் கவனிக்க வேண்டும். நம்முடைய சில தோட்டங்களில் மாதர் சங்கம் எழுதிக் கொடுத்த மனு தலைவர் பெயரில் மட்டும் போகிறதே!

சீனாவில் கைப்பிங் என்ற நிலக்கரிச் சுரங்கம் போர்க் குழப்பத்துக்கு நடுவில் வெள்ளைக்காரக் கம்பனி கைக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தை முடித்து வைத்ததில் ஹூவருக்குப் பெரிய பங்கு. கொடுத்த வாக்கை மீறிவிட்டார்கள் என்று சீன அதிகாரி லண்டன் நீதிமன்றம் வரை போனார். 1905இல் தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. ஆனால் சுரங்கம் திரும்பி வரவில்லை. அதே கம்பனியின் துறைமுகத்திலிருந்துதான் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குச் சீன ஒப்பந்தக் கூலிகள் பலர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1904 முதல் சுமார் 63,000 பேர். ஒப்பந்தம் முடியும்வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது, அடைத்த வளவுக்குள்தான் இருக்க வேண்டும், முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். கண்டிச் சீமைக்குக் கங்காணி பின்னால் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பர்மாவில் வெள்ளி, ஈயம். அவுஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில்லில் துத்தநாகம். ரஷ்யாவில் செம்பு. வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். எல்லா இடத்திலும் ஒரே வேலைதான். போவார், பார்ப்பார், தொன்னுக்கு என்ன செலவு என்று கணக்குப் போடுவார், குறைப்பார். 1914இல் அவருடைய சொத்து சுமார் 40 இலட்சம் டொலர் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது அந்த 1909ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் சொன்ன விரிவுரைகளைத் தொகுத்து, சுரங்கத் தொழிலின் கோட்பாடுகள் என்று போட்டார். அதில் தொழிலாளரைப் பற்றியும் பேசுகிறார். வெறும் மண் அள்ளுகிற வேலையில்கூட ஒரு வெள்ளைக்காரன் இரண்டு மூன்று கறுப்பு அல்லது ஆசியத் தொழிலாளிக்குச் சமம் என்று முடிவு கட்டுகிறார். அதற்கு ஆதாரமாக ஓர் அட்டவணை. இந்தியாவின் கோலார் சுரங்கங்கள், தென்னாபிரிக்கச் சுரங்கங்கள், அவுஸ்திரேலியச் சுரங்கங்கள். ஆளுக்கு எத்தனை தொன், தொன்னுக்கு என்ன செலவு. அவுஸ்திரேலியா பல மடங்கு மேலே. கோலார் அடியில்.

கோலாரில் வேலை செய்தது யார்? வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்களும் பக்கத்து மாவட்டத் தெலுங்கர்களும். பெரும்பாலும் நிலமில்லாத, தாழ்த்தப்பட்ட மக்கள். நம்முடைய பாட்டன்மார் இங்கே வந்த அதே மாவட்டங்கள், அதே பஞ்சம். ஒருவன் தெற்கே ராமேஸ்வரம் பக்கம் நடந்தான், இன்னொருவன் மேற்கே கோலாருக்கு நடந்தான். ஜோன் டெய்லர் கம்பனி 1880களிலிருந்து அந்தச் சுரங்கங்களை நடத்தியது. மேலே கோர்ண்வோல் துரைமார், கீழே ஒப்பந்தக்காரன் பிடித்துவந்த கூலிகள். அந்தச் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம் போனது. அடியில் நெருப்பாகச் சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதில் செத்தவர்களுக்குக் கணக்கு எந்தத் தொன்னிலும் வராது.

ஹூவருடைய அட்டவணையில் பொய் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தொன்னும் சரி, ஆள் தொகையும் சரி. ஆனால் அது எதை எழுதவில்லை என்று பாருங்கள். அவுஸ்திரேலியத் தொழிலாளி ஏன் அதிகம் வெட்டினான்? அவனுடைய கூலி அதிகம். கூலி அதிகமான இடத்தில் முதலாளிக்கு ஆள் வீணாவது தாங்காது. துளைபோடும் யந்திரம் வாங்குவான், கல் தள்ளும் பாதையைச் சீர்செய்வான், ஒரு யந்திரம் பத்து ஆள் வேலையைச் செய்யும். கூலி மலிவான இடத்தில் யந்திரம் எதற்கு? இன்னும் பத்து ஆளைப் பிடித்துவரச் சொன்னால் முடிந்தது. ஆகவே ஆளுக்கு இத்தனை தொன் என்பது தோளின் பலத்தை மட்டும் காட்டும் கணக்கல்ல. முதலாளி அந்த ஆளுக்குப் பின்னால் எவ்வளவு முதல் போட்டான் என்பதையும் சேர்த்துக் காட்டும் கணக்கு. ஹூவர் கெட்டிக்காரர். கல்லின் தரத்தை இத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஆளின் நிறத்தைப் பார்த்ததும் பொறியியலாளர் போய்விட்டார், துரை வந்துவிட்டார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஆச்சரியம் என்னவென்றால் அதே புத்தகத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. முதலாளிகள் கட்டுப்பாடில்லாமல் ஒன்றுசேரும்போது, அதற்கு இயல்பான, நியாயமான மாற்று மருந்து தொழிற்சங்கம்தான் என்று எழுதுகிறார். தொழிலாளியைக் கேட்பாரில்லாமல் மிதித்துப் போகும் காலம் மறைகிறது என்கிறார். சங்கத்தோடு பேசி முடிவுசெய்து, இரு பக்கமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இளம் பொறியியலாளர்களுக்குச் சொல்கிறார். 44 மணியை 48 ஆக்கிய கை எழுதியது இது!

மனம் மாறியது எப்படி? சிலர் அவருடைய நல்ல குணம் என்பார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குவாலியாவில் இருந்த 1898க்கும் இந்தப் புத்தகத்துக்கும் இடையே அவுஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் ஊன்றி நின்றன. 1900இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் தொழில் பிணக்குகளை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் வந்தது. தன் இஷ்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டி நேரத்தைக் கூட்ட முடியாத நிலை வந்தது. பலத்தைப் பார்த்ததும் கணக்குப் போடத் தெரிந்த மனிதர் கணக்கை மாற்றிப் போட்டார். கோலாரில் அப்போது சங்கம் இல்லை. அதனால் கோலார்த் தமிழனைப் பற்றி எழுதியதை அவர் மாற்ற வேண்டி வரவில்லை. அந்தக் கோலார்த் தொழிலாளிகளும் 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஒட்டுமொத்தமாக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது வேறு வரலாறு. அதற்கு ஒரு வகுப்பு தனியாக வைக்க வேண்டும்.

1929 மார்ச்சில் ஹூவர் ஜனாதிபதியானார். ஒக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. வேலையிழந்தவர்கள் தகரத்தாலும் பலகையாலும் குடிசை போட்ட சேரிகளுக்கு மக்கள் ‘ஹூவர் ஊர்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு காலத்தில் வாசல் வாசலாக வேலை தேடியவருக்கு இப்படி ஒரு பெயர். அந்த மந்தம் நம்முடைய மலைக்கும் வந்தது. தேயிலை விலை விழுந்தது, சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையே வெட்டினார்கள், ஆயிரக்கணக்கானவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் 1932 மார்ச்சில், சங்கத்தில் சேரமாட்டேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற சட்டத்துக்கு ஒப்பமிட்டதும் இதே ஹூவர்தான். கொண்டுவந்தவர்கள் செனட்டர் நொரிசும் லா கார்டியா என்ற உறுப்பினரும். காங்கிரஸில் பெரும்பான்மை அமோகமாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். அந்த வருஷத் தேர்தலில் தோற்றும் போனார்.

இனி நம்முடைய தாளுக்கு வருவோம். அடுத்த முறை கென்யா, அசாம் என்று தாள் வந்தால் கோபப்பட்டுக் கத்த வேண்டாம். கேள்வி கேட்போம். கென்யாவில் அந்த ஆள் எடுத்தது எந்தச் செடியில்? நம்முடைய மலையில் நூறு வருஷத்து விதைத் தேயிலை எத்தனை ஏக்கர், வீ.பீ. தேயிலை எத்தனை ஏக்கர்? கடைசியாக மறுநடுகை எப்போது? விழுந்த செடிக்குப் பதில் செடி வைத்தீர்களா? உரம் எத்தனை மாதமாகப் போடவில்லை? புல்லு வெட்டாத மலையில் அட்டைக்கும் குளவிக்கும் பயந்துகொண்டு எடுக்கிற கொழுந்து எத்தனை கிலோ வரும்? மடுவத்தில் தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கிற கிலோ அந்தத் தாளில் சேர்ந்திருக்கிறதா? அரைப் பேர் போட்ட நாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இதையெல்லாம் வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர், டிவிசன், மலை நம்பர். ஒவ்வொரு மலைக்கும் ஒரு வரி. கவ்வாத்து வெட்டிய வருஷம், உரம் போட்ட மாதம், சுற்று வருவதற்கு எத்தனை நாள், அந்த மலையில் ஓர் ஆள் எடுத்த கிலோ, மடுவத்தில் கழித்த கிலோ. மூன்று மாதத்துச் சம்பளத் துண்டுகளையும் பின் பண்ணிக் கொண்டு வாருங்கள், தொலைத்துவிடாதீர்கள். எழுதச் சிரமமாக இருந்தால் ஓ.எல். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைப் பிடியுங்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு நம்முடைய தோழர் பலகையில் எழுதிக் காட்டுவார்.